பெட்டியில் கிடக்கும் பழைய பஞ்சாங்கம்



'அவர் ஒரு பழைய பஞ்சாங்கம்' என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள், அவருக்குக் கோபம் வரும். காலத்துக்கு ஒவ்வாதவர், அவர் பேச்சால் பயனில்லை என்பது அந்தச் சொல்லின் பொருள். வருஷம் முடிந்ததும் பஞ்சாங்கத்தின் வேலையும் முடிந்துவிட்டது என்று நாம் நினைப்பதால்தான் இப்படி ஒரு வசை நம் மொழியில் வந்தது. நான் இன்றைக்கு அந்தப் பழைய பஞ்சாங்கத்தின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், என் பேச்சு வீண் போகவில்லை.

முதலில் நம் ஊர்க் காலண்டரிலிருந்து தொடங்குவோம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கிறது ஜெஞ்சாரோம். அங்குள்ள மளிகைக் கடைகளில் ஆண்டு முடியும்போது வாடிக்கைக்காரர்களுக்குக் காலண்டர் கொடுப்பார்கள். அதில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. அதன் கீழே சீனர்களின் சந்திர மாதத் தேதி. ஒரு மூலையில் ஹிஜ்ரி தேதி. இன்னொரு மூலையில் தமிழ்த் தேதியும் நட்சத்திரமும். பள்ளி விடுமுறைக்கு ஒரு நிறம், குதிரைப் பந்தய நாளுக்குச் சின்னக் குதிரைப் படம். ஒரு கட்டத்துக்குள் இத்தனை மக்களின் காலக்கணக்கு அடங்கியிருக்கிறது. தினமும் பார்க்கிறோம், அதனால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. ஆண்டு முடிந்ததும் அதைக் கழற்றி, பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுவிடுகிறோம்.

ஆனால் பாட்டிமார்கள் சிலர் ஒன்றைக் கழிக்காமல் வைத்திருப்பார்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, தாலிக்கொடி வாங்கிய ரசீது, இவற்றோடு டிரங்குப் பெட்டியின் அடியில் ஓரம் கிழிந்த ஒரு பஞ்சாங்கம் கிடக்கும். புரட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு நாளுக்கு எதிரே பென்சிலால், 'பெரியவன் பிறந்தது, விடியற்காலம்' என்றோ, 'அப்பா தவறியது' என்றோ எழுதியிருக்கும். 'பழைய குப்பையை ஏன் வைத்திருக்கிறீர்கள்?' என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். பாட்டிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போகலாம். அவருக்குப் பதிலாக நாம் சொல்லிப் பார்ப்போம்.

பஞ்சாங்கம் என்றால் ஐந்து அங்கம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகியவையே அந்த ஐந்து. இன்று என்ன கிழமை, வளர்பிறையா தேய்பிறையா, பிறை எத்தனையாவது நாள், சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு நாளுக்கும் அது ஓர் அடையாளம் கொடுக்கிறது. ஆங்கிலத் தேதி ஒரே ஓர் எண்தான். அதை ஒருவர் தப்பாக எழுதிவிட்டால் தப்பு என்று கண்டுபிடிக்க வழியில்லை. பஞ்சாங்கக் குறிப்பில் கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் சேர்ந்து வருகின்றன. ஒன்று தவறினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று சாட்சிகள் வைத்து எழுதிய பத்திரம் போல.

சித்திரை முதல் நாளில் கோயில்களில் பஞ்சாங்கம் படிக்கும் வழக்கம் உண்டு. இந்த வருஷம் ராஜா யார், மந்திரி யார், எத்தனை மரக்கால் மழை என்றெல்லாம் ஐயர் வாசிப்பார். அந்த மழைக் கணக்கு காவிரிக்கரைக்கும் வைகைக்கரைக்கும் போட்டது. குவால லங்காட்டில் மழை வந்து பால்மரம் வெட்ட முடியாமல் பெரட்டு கலைந்துபோகும் நாளை எந்தப் பஞ்சாங்கமும் சொன்னதில்லை. அந்தப் பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் பேச வந்தது பலன் சொல்லும் பக்கங்களைப் பற்றியன்று. நாளைக் குறித்துவைக்கும் பக்கங்களைப் பற்றியே பேசுகிறேன்.

நாள்வரிசையில் செய்திகளைக் கோத்து வைக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வில்லியம் ஹோன் என்று ஒருவர் இருந்தார். அரசாங்கத்தைக் கிண்டல் செய்து எழுதியதற்காக 1817-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூன்று முறை வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டு, மூன்று முறையும் விடுதலையானவர். அவர் 1825, 1826-ஆம் ஆண்டுகளில் 'ஒவ்வொரு நாளுக்குமான புத்தகம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூலை வாராவாரம் வெளியிட்டார். ஜனவரி முதல் தேதி தொடங்கி, ஒவ்வொரு நாளுக்கும் அன்று நடந்த பழைய நிகழ்ச்சி, அன்று மக்கள் செய்யும் சடங்கு, சந்தை, விளையாட்டு, பூக்கும் பூ என்று எழுதினார். புத்தகம் பெயர் வாங்கியது. ஆனால் அவருக்குப் பணம் சேரவில்லை. கடன்காரர்கள் பிடித்து 1826-ல் சிறையில் வைத்தார்கள். சிறையிலிருந்துகொண்டே அவர் அந்தப் புத்தகத்தைத் தொடர்ந்து எழுதினார்.

அவருக்குப் பின் ஸ்காட்லாந்தில் ராபர்ட் சேம்பர்ஸ் வந்தார். 1802-ல் பிறந்தவர். குடும்பம் நொடித்துப் போனதால், 16 வயதில் தம் பள்ளிப் புத்தகங்களையே முதலாக வைத்து எடின்பரோ நகரில் ஒரு பழைய புத்தகக் கடை போட்டார். பிறகு அண்ணன் வில்லியமோடு சேர்ந்து பெரிய பதிப்பகத்தை உண்டாக்கினார். ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் அறிவு நூல்கள் போட வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ராபர்ட் சேம்பர்ஸ் கடைசிக் காலத்தில் 'நாள்களின் புத்தகம்' என்ற பெரிய நூலைத் தொகுத்தார். 1864-ல் இரண்டு தொகுதிகளாக முடிந்தது. அந்த உழைப்பில் அவர் உடல்நலம் கெட்டது. 1871-ல் காலமானார். அவர் தொகுத்ததை மக்கள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்குகிறார்கள்.

இவ்வளவு பழைய புத்தகத்தில் என்ன கவர்ச்சி? முதலாவது, இதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. இன்று என்ன தேதியோ அந்தப் பக்கத்தைத் திறக்கலாம், அல்லது நம் பிறந்த நாளைத் திறக்கலாம். வேலை முடிந்து களைத்து வந்தவரும் பத்து நிமிஷம் படித்துவிட்டு மூடலாம். இரண்டாவது, அரசர்களின் போரும் ஏழைகளின் பொங்கலும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் அரசர் மட்டும் இருப்பார். நாள் புத்தகத்தில் அறுவடைக்காரனும் ஆட்டிடையனும் இடம்பெறுவார்கள். மூன்றாவது, தொழிற்சாலைகள் பெருகிக் கிராமத்து வழக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த வேளையில் அவை எழுதப்பட்டன. அன்று எழுதாமல் விட்டிருந்தால், அந்த நாட்டு மக்களுக்கே தங்கள் தாத்தா பாட்டி எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியாமல் போயிருக்கும்.

நம்மிடம் இப்படி எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மிகப் பழையதே உண்டு. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் ஒரு பதிகம் பாடினார். அதில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாத வரிசையில் ஊர் விழாக்கள் வருகின்றன. பக்திப் பாட்டு என்றே நாம் அதைக் கேட்கிறோம். அதே சமயம், ஓர் ஊரார் ஆண்டு முழுவதும் எதை எப்போது கொண்டாடினார்கள் என்பதற்கு அது ஒரு பதிவேடும் ஆகும். பத்துமலையில் 1892-ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கிறது. காவடி எடுத்து அந்தப் படிகளில் ஏறும் பிள்ளையிடம், 'நீ கொண்டாடும் நாள் அந்தப் பதிகத்திலேயே இருக்கிறது' என்று சொன்னால், அவன் கால் இன்னும் கொஞ்சம் உறுதியாக நடக்கும்.

பாட்டிலிருந்து நாட்குறிப்புக்கு வருவோம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். 1709-ல் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் காரியஸ்தராகவும் இருந்தவர். அவர் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நம் கணக்கில் நள வருஷம் ஆவணி மாதம், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு எழுதினார். கவர்னர் துய்ப்ளே என்ன சொன்னார், எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம், எந்தத் தெருவில் சண்டை என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் கண்ணை மூடிய நாலைந்து நாளில், 1761 ஜனவரி 16-ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

அதன் பின் அந்த நோட்டுகள் என்ன ஆயின? சுமார் 85 ஆண்டுகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846-ல் காலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் 1948 முதல்தான் புதுச்சேரியில் அச்சில் வரத் தொடங்கியது. எழுதியது தமிழன், தமிழில். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் நமக்கு முந்திக்கொண்டார்கள். பெட்டியில் கிடக்கும் காகிதத்தை நாம் திறந்து பார்க்காவிட்டால், வேறு யாராவது திறந்து பார்க்கும் வரை அது காத்திருக்கும். அல்லது கரையான் திறந்து பார்க்கும்.

இனி நம் வருஷப் பெயர்களுக்கு வருவோம். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள். 60 முடிந்ததும் மறுபடி பிரபவ. நமக்கு 60 வயது நிறையும்போது நாம் பிறந்த வருஷப் பெயர் திரும்பி வருகிறது. அதனால்தான் அறுபதாம் கல்யாணம். நம் சீன அண்டை வீட்டாருக்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்தச் சுற்றில் ஓர் அழகும் இருக்கிறது, ஒரு கண்ணியும் இருக்கிறது. கண்ணி என்னவென்றால், பெயரை மட்டும் எழுதினால் எந்தச் சுற்று என்று தெரியாது.

ஒரு சான்று சொல்கிறேன். புதுச்சேரி விழுந்தது விக்கிரம வருஷம் தை மாதம். சரியாக மூன்று சுற்று, அதாவது 180 ஆண்டு கழித்து இன்னொரு விக்கிரம வருஷம் வந்தது. அதன் பங்குனியில், 1941 மார்ச்சில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். விஷு வருஷம் பிறந்த பிறகு, மே மாதத்தில், தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இது நம் கிள்ளான் பக்கத்தில் நடந்த சரித்திரம். இன்று எத்தனை வீடுகளில் இதன் நாள் தெரியும்?

மக்கள் மறக்காத வருஷப் பெயர் ஒன்று உண்டு. அது தாது வருஷம். 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைக் கருக்கிய பஞ்சத்துக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்தார் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம். அரசாங்கத் தாள்களில் அதற்கு எண்களும் அட்டவணைகளும் உண்டு. ஊர்ச் சனங்களின் வாயில் பஞ்சாங்கப் பெயர்தான் நின்றது. அப்போது மலாயாவில் ரப்பர்த் தோட்டம் இல்லை. கரும்பும் காப்பியும்தான் இருந்தன. பசி விரட்டிய சனங்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். ரப்பர் பெருகிய பிறகு கங்காணிமார் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டினார்கள். நம்மில் பலருடைய குடும்பக் கதை இப்படி ஏதோ ஒரு வருஷப் பெயரில்தான் தொடங்குகிறது. ஆனால் தாது என்பது 1876-ம் உண்டு, 1936-ம் உண்டு, 1996-ம் உண்டு. 'தாது வருஷத்தில் தாத்தா வந்தார்' என்று மட்டும் எழுதி வைத்தால், நாளைய பேரன் குழம்பிப் போவான்.

இன்னொரு வருஷத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. சுபானு வருஷம், அதாவது 1943. ஜப்பான்காரன் காலம். தோட்டம் தோட்டமாக லாரி வந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காய்ச்சலிலும் பேதியிலும் காட்டிலேயே மடிந்தார்கள். நம் வழக்கப்படி இறந்தவருக்கு மாதமும் திதியும் பார்த்துத் திவசம் கொடுக்கிறோம். சயாமில் இறந்தவருக்கு எந்தத் திதி? உடன் இருந்து குறித்து வைக்க யாருமில்லை. நாள் தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று வழக்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. அப்படியே எத்தனையோ தாய்மார்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். ஒரு நாளைக் குறித்து வைப்பதன் அருமை என்ன என்பதை அந்தத் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

நல்ல நாளும் உண்டு. 1957 ஆகஸ்டு 31-ஆம் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. அது ஹேவிளம்பி வருஷம் ஆவணி மாதம். 2017-ல் அதே ஹேவிளம்பி திரும்பி வந்தபோது, மெர்டேக்காவுக்கும் ஒரு மணிவிழா நடந்ததாகவே நாம் எண்ணிக்கொள்ளலாம்.

சரி, பாட்டி சொல்லும் நாளிலிருந்து ஆங்கிலத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு பாட்டி, 'நான் பிறந்தது பார்த்திப வருஷம் ஆடிப்பூரத்தன்று என்று அம்மா சொல்லுவாள்' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரபவ வருஷங்கள் 1867, 1927, 1987 என்று வருகின்றன. பார்த்திப 19-ஆவது பெயர். 1927-லிருந்து எண்ணினால் 1945. ஒரு சுற்று முந்தினால் 1885, பிந்தினால் 2005. இரண்டும் பாட்டிக்குப் பொருந்தாது. ஆகவே 1945. ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவில் முடியும். அந்த ஆடியில் பூர நட்சத்திரம் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் வந்தது. ஜப்பான் சரணடைந்த செய்தி 15-ஆம் தேதி வந்தது. அதற்குச் சில நாள் முன்னதாகப் பிறந்த குழந்தை இவர்! வெறும் ஞாபகத்தை வைத்துக்கொண்டு வாரம் வரைக்கும் வந்துவிட்டோம். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் கையில் இருந்தால் தேதியையே எடுத்துவிடலாம்.

மணி பார்க்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை இந்த நாட்டில் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி, டோக்கியோ நேரம் வைத்திருந்தார்கள். அப்போது கடிகாரத்தில் காலை 6 மணிக்குப் பிறந்தது என்றால், பழைய மலாயாக் கணக்கில் அது 4.30. அதேபோல் 1981 முடியும் வரை நம் நேரம் இந்திய நேரத்துக்கு 2 மணி முந்தியிருந்தது. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரண்டரை மணி முந்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரத்தைப் பார்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்புகளில் மணிக்குப் பதில் நாழிகை இருக்கும். சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், இரண்டரை நாழிகை ஒரு மணி. வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறுபடலாம். ஆகவே எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

இப்படிப் பழைய நாளைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பதை ஒரு பெரிய கலையாகவே செய்தவர் திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1865-ல் பிறந்து 1925-ல் மறைந்தவர். கிறிஸ்தவர். சென்னைச் சட்டசபைத் தலைவராக இருந்தவர். கி.பி. 700 முதல் 1799 வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கணக்கிட்டு, 1922-ல் பல தொகுதிகளாக வெளியிட்டார். கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு, 'இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம்' என்று சொன்னால், அவர் கணக்கை வைத்து அது எந்த ஆண்டு எந்தத் தேதி என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். சோழன் கல்லில் வெட்டிய நாளும் பாட்டி பென்சிலால் எழுதிய நாளும் ஒரே முறையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கல்வெட்டைப் படிக்கும் அதே வழியில் பாட்டியின் குறிப்பையும் படித்துவிடலாம்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று நினைக்காதீர்கள். நம் சனங்கள் நாள் தெரியாமல் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 1968-ஆம் ஆண்டில் வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. 1969, 1970-ல் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள், இங்கேயே உழைத்துத் தேய்ந்தவர்கள், கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். எங்கே பிறந்தோம், எப்போது பிறந்தோம் என்று காட்டக் காகிதம் இல்லாமல் தவித்தவர்கள் அவர்களில் உண்டு. பஞ்சாங்கத்தின் ஓரக் குறிப்பு பதிவு இலாகாவில் பத்திரமாகிவிடாது, உண்மைதான். ஆனாலும் எந்த வருஷத்துப் பதிவேட்டில் தேடுவது, எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள அது முதல் படி.

அதன் பிறகு தோட்டங்களே போகத் தொடங்கின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயம் இடிந்தது, கோயில் இடம் மாறியது. செக்ரோல் புத்தகத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று கிராணியார் எழுதி வைத்தார். அது கம்பெனிக்காக எழுதியது, கம்பெனியோடு போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் எந்த நாள் முதன்முதலில் தீமிதி நடந்தது, எந்த நாள் பள்ளிக்கூடம் திறந்தது, எந்த நாள் கடைசியாகப் பெரட்டுக்குச் சங்கு ஊதினார்கள் என்பதை யார் எழுதினார்கள்? நாம் எழுதினால்தான் உண்டு.

ஆகவே நேயர்களே, செலவில்லாத நான்கு காரியங்களைச் சொல்கிறேன். ஒன்று, வீட்டில் பழைய பஞ்சாங்கமோ ஜாதகக் குறிப்போ கையெழுத்துள்ள காலண்டரோ இருந்தால் எரிக்காதீர்கள். ஈரம் படாமல் வேப்பிலையோடு ஒரு தகரப் பெட்டியில் வையுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். இரண்டு, தமிழ் வருஷப் பெயர் உள்ள இடமெல்லாம் பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் எழுதுங்கள். பழைய குறிப்பில் சக ஆண்டு இருந்தால் அதோடு 78 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு கிடைக்கும். மார்கழிப் பின்பாதியிலிருந்து பங்குனி வரை உள்ள நாளானால் இன்னும் ஒன்று கூட்டுங்கள். மூன்று, வயதானவர்களிடம் தேதி கேட்காதீர்கள். 'ஆடிக்கு முன்னா பின்னா? திருவிழாவுக்கு எத்தனை நாள் இருந்தது? ஜப்பான்காரன் வந்த பிறகா?' என்று கேளுங்கள். பதில் தானாக வரும். நான்கு, பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். தை ஐந்தாம் தேதிப் பக்கத்தில் அந்தத் தேதியில் எந்த வருஷம் என்ன நடந்தாலும் அதே பக்கத்தில் எழுதட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அதில் வரட்டும். நாலைந்து வருஷத்தில் அது உங்கள் தோட்டத்தின் நாள் புத்தகமாகிவிடும். ஹோனுக்கும் சேம்பர்ஸுக்கும் நம் வேலையைச் செய்ய நேரமில்லை. நம் கதையை நாம்தான் எழுத வேண்டும்.

இன்று வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த நாள்கள் அவர்களோடு போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. இந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், பெட்டியை எடுத்துவரச் சொல்லி அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பென்சில் எழுத்து யாருடையது, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.